வானம் நல்லாயிருக்கு, கடை இல்லை

பனிமலைகளின் அடிவாரத்து ஊரான சால்தேனில் வானிலை நன்றாக இருந்தால் வியாபாரம் படுத்துவிடும். வெளியூரில் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்! வருஷத்தில் முக்கால்வாசி நாள் காற்று ஆளைத் தூக்கி அடிக்கிற ஊர் இது. அந்தக் காற்று ஒரு நாள் வாயைப் பொத்திக்கொண்டு, மேகம் விலகி, உச்சிகளெல்லாம் பளிச்சென்று தெரிந்தால் எவன் கல்லாவில் உட்கார்ந்திருப்பான்? காய்கறிக்காரி, சைக்கிள் வாடகைக்காரன், பல் டாக்டர் என்று ஆளாளுக்குக் கதவில் ஒரு பலகையை மாட்டிவிட்டு மலையேறிவிடுவார்கள். 'வானம் நல்லாயிருக்கு, கடை இல்லை.' அவ்வளவுதான் அதில் எழுதியிருக்கும். பல்வலிக்காரன் கதி என்ன என்று கேட்காதீர்கள், அவனும் மலையில்தான் இருப்பான்.

ஊரிலேயே அந்தப் பலகை ஏறாத கதவு ஒன்றே ஒன்று. பெரிய தெருவின் வடக்குக் கோடியில் இருக்கும் சுலேமாவின் ரொட்டிக்கடை. "ஊர் மொத்தமும் மலைக்குப் போவுதுன்னா ரொட்டி எவ சுடுவா?" என்பாள். நியாயந்தான். நல்ல நாள் வரப்போகிறது என்றால் விடிவதற்கு முன்பே அடுப்பை மூட்டிவிடுவாள். விடியும்போது கதவுக்கு வெளியே முதுகுப்பைகளோடு வரிசை நிற்கும். இருபது வருஷத்துக்கு மேலாக அவள் ரொட்டி ஏறாத மலை இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. அவள்தான் ஒன்றிலும் ஏறியதில்லை.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவள் புருஷன் நொர்பெர்தோ மலை வழிகாட்டி. கடை திறந்த புதிதில் அவனும் ஆசையாக ஒரு பலகை எழுதிக் கொண்டுவந்தான். பிறகு ஒரு நல்ல வானிலை நாளில் ஸ்பெயின்காரி ஒருத்திக்கு வழி காட்டப் போனான். அவன் அவளுக்குக் காட்டினானோ, அவள் அவனுக்குக் காட்டினாளோ, இரண்டு பேரும் இப்போது வடக்கே பரிலோச்சேயில் சாக்லேட் கடை வைத்திருக்கிறார்கள். அவன் எழுதிய பலகையைச் சுலேமா குப்புறக் கவிழ்த்து மாவுத்தொட்டிக்கு மூடியாக்கிவிட்டாள். "காத்தடிக்கிற நாளக்கூட நம்புவேன், வானம் வெளுத்த நாள நம்ப மாட்டேன்" என்று அவள் சொன்னால் ஊரில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

அப்படிப்பட்டவள், இங்கே கோடை முடிகிற இந்த மார்ச் மாதம், உவேமுல் சுற்றுக்குப் போகிறேன் என்று அறிவித்தாள். நாலு நாள் நடை. ஆற்றுக்குக் குறுக்கே இரும்பு வடத்தில் தொங்கிக்கொண்டு அக்கரை போக வேண்டும். பனியாற்றின் விளிம்பில் நடக்க வேண்டும். காற்றுக் கணவாய் என்று பேர் வைத்த இடத்தை ஏறித் தாண்ட வேண்டும். இவளுக்கோ அறுபதை நெருங்குகிற வயது, கத்தி பட்ட மூட்டு. ஊர் வாயைப் பிளந்தது.

சும்மா ஒன்றும் கிளம்பவில்லை. போன குளிர்காலத்தில் மாவுக் கொட்டகைக்குப் பின்னால் உறைந்த தரையில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் மூட்டு உடைந்து, சிநேகிதி தெல்மீரா தேடி வரும்வரை எழுந்திருக்க முடியாமல் பனியிலேயே கிடந்தாள். சேதி கேட்டு மகன் ததேயோ தூரத்து நகரமான ரொசாரியோவிலிருந்து பறந்து வந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். "போதும்மா. கடைய வித்துட்டு என்கூட வந்துரு. லிஃப்ட் இருக்கு, ஹீட்டர் இருக்கு, ஆத்தப் பாத்த மாதிரி ஒரு ரூம் இருக்கு." பிள்ளை அழுவதைத் தாங்கமாட்டாமல் சுலேமா சரி என்று தலையாட்டிவிட்டாள்.

மூட்டு சரியானதும் மனசு முரண்டு பிடித்தது. ஆனால் தலையாட்டியது ஆட்டியதுதானே? கடையை வாங்க ரியோ கயேகோஸிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். பத்திரம் எழுதும் நோட்டரி கலாஃபாதேயிலிருந்து மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமைதான் சால்தேனுக்கு வருவார். இந்த மாதத்து வியாழன் மத்தியானம் சுலேமா நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் அதே தெருவில் இன்னொரு கடையைப் பார்த்து வைத்திருப்பதாக வாங்குகிறவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவ சுத்திட்டு வந்துடறேன்டா. என் ரொட்டி போன எடத்த நான் கண்ணால பாத்ததே இல்ல" என்று மகனிடம் சொன்னாள். அவன் அதை ஊருக்குச் சொல்லும் பிரியாவிடை என்று எடுத்துக்கொண்டான். அவளும் வெளியே அப்படித்தான் சொன்னாள். ஆனால் உள்ளுக்குள், இந்த ஊரில் இன்னும் தன்னால் காலூன்றி நிற்க முடியுமா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. முடியாது என்றால் அழாமல் கையெழுத்துப் போட்டுவிடலாம். முடியும் என்றால் என்ன செய்வது என்று அவள் யோசிக்கவே பயந்தாள்.

ததேயோவுக்கு ரொசாரியோவில் பஸ் கம்பெனி வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த நிறுத்தத்துக்கு வர வேண்டும் என்று அட்டவணை போடுகிறவன். லீவில் வந்து இறங்கிய மறுநாளே கடைக்குப் பின்னால் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து, கலர் கலராகப் பேனாக்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அம்மாவைத் தனியாக விட மனசில்லாமல் தன் பேரையும் சேர்த்துக்கொண்டான்.

"வியாழன் கையெழுத்து. வெள்ளிக்கெழம காலையில ஏழு மணிக்குக் கெளம்பறோம். ரெண்டு மணிக்குக் காளை ஏரி, அங்க தங்கறோம். சனிக்கெழம ஒம்பதரைக்கு வடம். பத்தேகாலுக்குப் பனியாறு..."

மாத்தே என்னும் பச்சிலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த தெல்மீரா குழலை வாயிலிருந்து எடுத்தாள். அவள் ரெண்டு கடை தள்ளி மலையேறும் சாமான்களை வாடகைக்கு விடுகிறவள். அவள் கதவு திறந்திருக்கிற நாளைவிடப் பலகை தொங்குகிற நாள்தான் அதிகம்.

"ஏன்டா, பத்தேகாலுக்குக் காத்து வந்தா அத எந்த ஸ்டாப்புல நிக்கச் சொல்லுவ?"

"அத்தை, திட்டம்னு ஒண்ணு வேணாமா?"

"வேணும்டா ராசா. என்ன திங்கிறது, எவ சமைக்கிறது, எவ கொறட்ட விடுவா, அவள எந்தக் கூடாரத்துல தள்றது, எல்லாத்தையும் எழுது. கெழமைய மட்டும் எழுதாத. இந்த ஊர்ல பொறந்தவன்தான நீ?"

"இந்த ஊர்ல பொறந்ததாலதான் ரொசாரியோவுக்கு ஓடினேன்."

"பஸ் புடிச்சு ஓடினியா, டைம்டேபிள் பாத்து ஓடினியா?"

சுலேமா சிரித்துவிட்டாள். மகன் முறைத்ததும் மாத்தேக் குவளையில் வெந்நீர் ஊற்றும் சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

கிழமையை விட்டுவிட்டு மற்றதெல்லாம் பேசி முடிவானது. கூடாரம் இரண்டு. கேஸ் அடுப்பு ததேயோ தூக்க வேண்டும், கயிறு தெல்மீரா. நூடுல்ஸ், பாலாடைக்கட்டி, சலாமி இறைச்சி, ஒரு டப்பா பால் அல்வா. சுலேமாவின் பையில் கனம் ஏறக்கூடாது, மூட்டு தாங்காது. அவள் மட்டும் ஒரு விஷயத்தில் ஒற்றைக்காலில் நின்றாள்.

"ரொட்டிய நான்தான் தூக்குவேன்."

"தூக்கிக்க. கூட ரெண்டு பாக்கெட் பிஸ்கட் வச்சுக்கலாம்" என்றாள் தெல்மீரா.

"பிஸ்கட்டா? என் ரொட்டி இருக்கும்போது பிஸ்கட் எதுக்குடி?"

தெல்மீராவுக்குத் திடீரென்று புரையேறியது. கண்ணில் நீர் வரும்வரை இருமினாள். "இல்லடி... வாய்க்கு ஒரு மாத்தத்துக்கு."

"அப்ப சூப்புப் பொடி எதுக்கு இத்தன?"

"குளிருக்குடி, குளிருக்கு! போலீஸ் மாதிரி கேள்வி கேக்காத."

சுலேமாவுக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. அவள் கடையில் ரொட்டி வாங்குகிற அத்தனை பேரும் அடுத்த கடையில் நுழைந்து சூப்புப் பொடியும் வாங்கிக்கொண்டு போவதை அவள் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். மலையேறுகிறவர்களுக்கு அப்படி ஒரு பழக்கம் போலிருக்கிறது என்று விட்டிருந்தாள். இப்போதும் விட்டுவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் தெல்மீரா மாவுக் கொட்டகையின் உத்தரத்துக்கும் எதிரே நின்ற பாப்லர் மரத்துக்கும் நடுவே ஒரு வடத்தை இழுத்துக் கட்டினாள். இடுப்பிலும் தொடையிலும் சுற்றி மாட்டுகிற கச்சையைச் சுலேமாவுக்குப் போட்டு, அதன் இரும்புக் கொக்கியை வடத்தில் மாட்டி, காலடியில் இருந்த ஸ்டூலை உருவிவிட்டாள். சுலேமா கசாப்புக்கடை ஆட்டுத்தொடை மாதிரி தொங்கினாள்.

"எறக்குடி சனியனே! நான் போகல, எங்கயும் போகல!"

"அத்தை, எறக்கி விடுங்க. போதும்" என்று ததேயோ ஓடி வந்தான்.

"நீ தள்ளிப் போடா. சுலேமா, காலப் பத்தி நெனைக்காத. கால் இங்க வேலைக்கே ஆவாது. கையால இழு."

தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். வேலிக்கு அப்பால் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். சுலேமாவுக்கு ரோஷம் வந்தது. வடத்தை எட்டிப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். உடம்பு அதிசயமாக நகர்ந்தது. இன்னொரு இழுப்பு. தினமும் விடியுமுன் மலைபோல் மாவு பிசைந்த கை அது. அதன் பலம் இத்தனை நாள் அவளுக்கே தெரியாமல் இருந்தது. மூச்சு வாங்காமல் பாப்லர் மரத்தைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து திரும்பியும் வந்தாள். வேலிக்கு அப்பால் விசில் பறந்தது.

"இடுப்புக்கு மேல நீ இருவது வயசுக்காரிடி. கீழதான் கொஞ்சம் தேஞ்சு போச்சு" என்றாள் தெல்மீரா.

சுலேமாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இறங்கச் சொன்னால் இறங்காமல் இன்னும் ரெண்டு தடவை போய்வந்தாள். பிறகு கச்சையைக் கழற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் ரொட்டித் தட்டுகள் தொங்கும் கொக்கியில் பத்திரமாக மாட்டினாள். மகன் மட்டும் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் தெல்மீரா தலைதெறிக்க ஓடி வந்தாள். கையில் காற்றுக் கணிப்பு.

"புதன் காலையிலேர்ந்து காத்தே இல்ல! வியாழன் இல்ல, வெள்ளி இல்ல. தீக்குச்சி சுடர்கூட ஆடாம நிக்குமாம்டி! சனிக்கெழம மத்தியானம் ஆரம்பிக்குதாம் பேய்க்காத்து. பின்னாடியே பனி. அத்தோட இந்த வருஷத்துக்குக் கணவாய் மூடிக்கும்."

புதன் கிளம்பினால் கணவாயைத் தாண்டிப் பத்திரமாக இறங்கிவிடலாம். ததேயோ எழுதியபடி வெள்ளி கிளம்பினால் நட்டநடுவில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். மூன்று பேருக்கும் இது புரிந்தது.

"வியாழக்கெழம கையெழுத்தும்மா" என்றான் ததேயோ.

"தெரியும்."

"சுத்துக்கு அடுத்த வருஷம்கூட வரலாம். நானே கூட்டிட்டு வரேன்."

"ஆமா, வந்துருவீங்க" என்று தெல்மீரா முணுமுணுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. சுலேமா எழுந்து போய் மாவுத்தொட்டியின் மூடியைத் திறந்தாள். அந்த மூடியை அவள் வழக்கத்தைவிட அதிக நேரம் கையில் வைத்திருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் மாவைப் போட்டு அடித்துத் துவைத்தாள். அம்மா அடங்கிவிட்டாள் என்று ததேயோ நிம்மதியானான்.

புதன் விடிந்தும் விடியாததுமாகச் சுலேமா வாசலுக்கு வந்து ஒரு தீக்குச்சியைக் கிழித்தாள். சுடர் ஆடாமல் நேராக நின்றது. விரலைச் சுடும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பிலிருந்த கடைசி ரொட்டிவரை எடுத்து, தன் பைக்கு வேண்டியது போக மிச்சத்தை வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் விற்றுத் தீர்த்து, உள்ளே போய், மாவுத்தொட்டி மூடியைத் துடைத்துக்கொண்டு வந்து கதவில் மாட்டினாள். நொர்பெர்தோவின் கிறுக்கல் எழுத்து அப்படியே இருந்தது.

ரொட்டி வாங்கிக்கொண்டு தெருவில் நின்றவர்கள் ஒரு கணம் திகைத்தார்கள். அப்புறம் எவனோ ஒருவன் கை தட்ட, தெருவே தட்டியது. அந்தச் சத்தத்தில்தான் ததேயோ எழுந்து வந்தான். அம்மாவின் முதுகில் பை.

"என்னம்மா இது? நாளைக்கு நோட்டரி வராரு. சரின்னு நீதான சொன்ன?"

"சொன்னேன்டா. நீ அழுதத பாத்துச் சொன்னேன்." சுலேமா பைப் பட்டையை இழுத்து இறுக்கினாள். "எனக்கு உன்கூட வரணும்னும் இருக்கு, வர வேணாம்னும் இருக்கு. இங்க உக்காந்து யோசிச்சா உன் மூஞ்சிதான் தெரியுது. வேற எதுவும் தெரிய மாட்டேங்குது. மேல போய் யோசிக்கிறேன்."

"கடை வாங்கற ஆளுகிட்ட நான் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. பலகைய படிக்கட்டும்."

"நான் வரல" என்றான் அவன். "நீங்களே போய்க்கங்க."

அவள் அவனைத் தாண்டி நடந்தாள். தெல்மீரா பின்னால் ஓடினாள்.

தெற்குக் கோடியில் பூங்கா அலுவலகம். உவேமுல் சுற்றுக்குப் போகிறவர்கள் கச்சையையும் கொக்கிகளையும் அங்கே காட்டாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. மேசையில் இருந்த காவலர் யானினா சின்னப் பெண், ஆனால் அவளிடம் சலுகை நடக்காது. தெல்மீரா தன் கச்சையை மேசையில் போட்டாள். சுலேமா பைக்குள் கை விட்டாள். மேலே துழாவினாள், அடியில் துழாவினாள்.

"கச்சைய அடுப்படிக் கொக்கியிலயே விட்டுட்டேன்."

"அவ்வளவுதான? ஒரு எட்டுல போய் எடுத்துட்டு வந்துருங்க" என்றாள் யானினா.

சுலேமா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். "முடியாது. திரும்பிப் போனா அவன் மூஞ்சியப் பாக்கணும். பாத்தா அந்த வாசல ரெண்டாந்தடவ நான் தாண்ட மாட்டேன். எனக்கு என்னைப் பத்தித் தெரியும்." குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். "நல்ல வானிலை எனக்கு ராசியில்லடி."

"நாடாவுல கை வச்சே, கைய ஒடிப்பேன். நான் போய் எடுத்துட்டு வரேன்" என்று தெல்மீரா கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ததேயோ தெருவில் ஓடி வந்துகொண்டிருந்தான். தோளில் அவளுடையதும் தன்னுடையதுமாக இரண்டு கச்சை, கொக்கிகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று சத்தம். முதுகில் அவனுடைய பை. ஷூ நாடா கட்டவில்லை. உள்ளே வந்து இரண்டையும் மேசைமேல் போட்டுவிட்டு மூச்சு வாங்கினான்.

"கொக்கியில தொங்கறத பாத்தேம்மா. பாக்காத மாதிரி இருந்துடலாம்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் அப்படித்தான் உக்காந்திருந்தேன்."

"அப்புறம்?"

"பலகைய கோணலா மாட்டிட்டுப் போயிருந்த. நேரா வைக்கலாம்னு போனேன்." அவன் கொக்கி ஒன்றைத் திறந்து மூடினான். "சின்ன வயசுல எல்லாப் பசங்களும் அவங்க கதவுல அத மாட்டிட்டு அம்மா அப்பாவோட மலைக்குப் போவாங்க. நான் நம்ம கல்லாவுல உக்காந்திருப்பேன். நம்ம கதவுல அத ஒரு நாளாவது படிக்கணும்னு எனக்கு எவ்வளவு ஆச தெரியுமா? இன்னிக்குத்தான் படிச்சேன். படிச்சுட்டு எப்படிம்மா உள்ள உக்கார்றது?"

இத்தனை வருஷம் இந்தப் பிள்ளை காற்றுக்குப் பயந்து ஓடிவிட்டான் என்றல்லவா நினைத்திருந்தாள்! எழுந்து போய் அவன் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "ஏன்டா, அப்பவே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல, மடையா" என்று அழுதுகொண்டே திட்டினாள்.

"அழுது முடிச்சதும் கொக்கிய இப்படித் தள்ளுங்க. பின்னாடி ஆள் நிக்கிறாங்க" என்றாள் யானினா, தன் மூக்கைத் துடைத்துக்கொண்டே.

அன்று இரவு காளை ஏரியில் தங்கினார்கள். மறுநாள் காலை ஆற்றங்கரை வடத்தில் தெல்மீரா முதலில் போனாள், அடுத்தது சுலேமா. கீழே பனிநீர் இரைந்து ஓடியது. அவள் கீழே பார்க்கவில்லை, பாப்லர் மரத்தை நினைத்துக்கொண்டு இழுத்தாள். ததேயோ நடுவில் போனதும் பயந்து வடத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். சுலேமா அக்கரையிலிருந்து அவன் கச்சையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து, சரசரவென்று மகனை இழுத்துக் கரையில் போட்டாள். "இந்த வடம் எத்தன மணி வண்டிடா?" என்று தெல்மீரா கேட்டாள்.

பனியாற்றின் விளிம்பில் மெதுவாக நடந்தார்கள். ஏற்றத்தில் மூட்டு வலித்தது, பொய் சொல்வானேன்? வலித்தபோது சுலேமா உட்கார்ந்தாள், வலி அடங்கியதும் எழுந்தாள். உச்சிப்பொழுதில் கணவாய்க்கு வந்து சேர்ந்தார்கள். காற்றுக் கணவாயில் காற்றே இல்லை. தெல்மீரா ஒரு தீக்குச்சியைக் கிழித்து உயர்த்திப் பிடித்தாள், சுடர் அசையவில்லை. கீழே, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பனிவெளி, மாவு தூவிய பிசைபலகை மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. சுலேமா வாயைத் திறந்தவள் மூட மறந்தாள். தன் சொந்தக் காலில் இங்கே வந்து நிற்கிறோம் என்ற பெருமை அவளுக்குத் தாங்க முடியவில்லை.

ததேயோ கடிகாரத்தைப் பார்த்தான். "நோட்டரி இப்ப பேனாவ தெறந்திருப்பாரு."

எல்லோருக்கும் பசி. சுலேமா பையிலிருந்து தன் ரொட்டியை எடுத்தாள். நேற்று மத்தியானம் நன்றாகத்தான் இருந்தது. ராத்திரி தெல்மீரா கேட்காமலே அன்றைய பங்கையெல்லாம் சூப்பில் போட்டுவிட்டாள். இப்போது கத்தி இறங்கவில்லை. கடித்தாள். பல் கூசியதுதான் மிச்சம். பக்கத்துப் பாறையில் ஓங்கித் தட்டினாள், பாறையில்தான் ஒரு சில்லு பெயர்ந்தது.

"ஏண்டி தெல்மீரா."

"ஒண்ணும் கேக்காத."

"இதையா இத்தன வருஷமா தின்னீங்க?"

"எங்க தின்னோம்? சூப்புல ஊற வச்சோம். ஊறாதத வச்சுக் கூடாரத்து முளையடிச்சோம்."

"ஒருத்தியாவது சொன்னீங்களாடி!"

"உன்கிட்டயா? உப்பு கம்மின்னு சொன்ன ஜெர்மன்காரன பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தொரத்தினவதான நீ? கடையில சுடச்சுட தின்னா அமிர்தம்டி. ரெண்டாம் நாள் இந்தக் குளிர்ல அது செங்கல்லு. நீ மேல வந்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்."

சுலேமாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பனிவெளி எதிரொலிக்கச் சிரித்தாள். மெல்ல அடங்கியதும் அந்த ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் விரல்கள் தானாகவே காற்றில் பிசைய ஆரம்பித்தன.

"மாட்டுக்கொழுப்பு சேக்கணும். உருளைக்கெழங்க மசிச்சுப் போட்டா ஈரம் நிக்கும். ஒரு கரண்டி தேன்..."

"யாரும்மா சேக்கப் போறா?" என்றான் ததேயோ.

"நான்தான். வேற எவ?"

சொல்லிவிட்டுத்தான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. மற்ற இரண்டு பேர் காதிலும் விழுந்தது. சுலேமா மகனின் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இருக்குமோ என்று பயந்து பயந்து பார்த்தாள்.

"குளுருகாலத்துல மறுபடி விழுந்தா?" என்று மெல்லக் கேட்டான்.

"குளுருகாலம் உன்கூட. ஊரே காலியாத்தான கெடக்கும், ரொட்டி திங்க ஆள் ஏது? அந்த ஆத்தப் பாத்த ரூம்ல உக்காந்து மூட்டுக்கு ஒத்தடம் குடுத்துக்கறேன். அக்டோபர்ல இங்க குளிர் விட்டதும் வண்டி ஏத்தி விட்டுரு."

அவன் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, அந்த ரொட்டியை வாங்கி முழு பலத்தோடு கடித்துப் பார்த்தான், முடியாமல் தாடையைத் தடவிக்கொண்டான்.

"அப்ப புதுசா சுடறத எல்லாம் ரெண்டு நாள் வச்சிருந்து இங்க கொண்டு வந்து தின்னு பாக்கணும்ல?"

"பின்ன? கீழ உக்காந்துட்டே எப்படித் தெரியும்?"

"கீழ போனதும் அந்தப் பலகைய என்ன செய்யறது? மறுபடி மாவுத்தொட்டிய மூடிடவா?"

"தொட்டிக்கு வேற மூடி பாத்துக்கலாம்" என்றாள் சுலேமா. "அத வாசல்லயே ஆணியடிச்சு வை. இனிமே அடிக்கடி வேணும்."